அவையிற் சொல்வதா, அறையிற் சொல்வதா?

பொதுச்சொத்து என்றவுடன் கோயில், குளம், வழிநடைப் பாதை, மேய்ச்சல் நிலம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்கு ஓர் இடர் வந்தால் எங்கே சென்று முறையிடுவது, எவர் முன்னிலையிற் பேசுவது என்பதை ஊரார் அறிவர். இற்றைநாளிற் கண்ணுக்குப் புலனாகாத பொதுச்சொத்துகள் சில தோன்றியுள்ளன. எவரும் எடுத்தாளலாம், எவரும் திருத்தலாம், திருத்தியதை மற்றவர்க்கும் வழங்கலாம் என்னும் உரிமத்தோடு ஆக்கப்பட்ட கணினி மென்பொருள்களும், அந்நெறியைத் தழுவி எழுந்த கலைக்களஞ்சியங்களும், இணைய நூலகங்களும் அத்தகையன. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டில் இந்நெறியை உலகறிய அறிவித்தார். 1991இல் பின்லாந்திலே மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் மென்பொருளை எல்லார் கையிலும் வைத்தார். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே பெருமயக்கம் உண்டு. அதனைத் தீர்ப்பதற்கே பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினர். நம்மவர் 'இலவசம்' என்னாது 'கட்டற்ற' என்றனர். ஒரு சொல்லால் அவ்வழக்கு முடிந்தது. தமிழாசிரியன் ஒருவன் இதிற் சிறிது பெருமை கொண்டால் வாசகர் பொறுத்தருள்வாராக.

கட்டற்றவை என்று சொல்லப்படும் இவற்றினுள் இன்று பெரும் வணிக நிறுவனங்களின் கை மிக நீண்டுள்ளது. அதனை முழுதும் தீது என்று தள்ளிவிட நான் முன்வரவில்லை. லினக்ஸில் இன்று எழுதுவோரிற் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நிறுவனத்திற் சம்பளம் பெறுவோரே. அவர்கள் உழைப்பு இல்லையேல் அம்மென்பொருள் இத்துணை வளர்ந்திராது. கோயிற் றிருப்பணிக்கு வரும் தச்சன் கூலி பெறுகிறான் என்பதனாற் கோயில் தீட்டுப்படுவதில்லை. ஆயினும் தச்சனாக வந்தவன் சில நாளிலே தர்மகர்த்தாவின் ஆசனத்தில் அமர்ந்திருக்கக் கண்டால், ஊரார் வாய்மூடியிருத்தல் தகுமா? பேசுவதாயின், அவனைத் தனியே அழைத்துப் பேசுவதா, கோயில் மண்டபத்திற் கூட்டத்தைக் கூட்டிப் பேசுவதா? இக்கேள்வியே இங்கு என் பொருள்.

தனியே பேசுவதே பண்பு என்பார் பலர். வீட்டு வழக்கை வீதிக்குக் கொண்டுவராதே என்பது நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் வீதியே வழக்குப் பொருளாயின் அதனை எந்த வீட்டினுட் கொண்டுசென்று பேசுவது?

இதற்கு நம் மொழியிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதனைக் கல்மேற் கல்லாக அடுக்கியவருள் முதல்வராக எண்ணப்படுபவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். ஊதியம் பெறாத ஆசிரியர், பொறியியலாளர், மாணவர், இல்லத்தரசியர் முதலானோர் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்து எழுதி அதனை வளர்த்தனர். இப்படிப் பையப் பைய வளர்ந்துகொண்டிருந்த வேளையிற் கூகுள் நிறுவனம் அதனுள் நுழைந்தது. 2008இல் இந்தியிற் றொடங்கி, பின்னர்த் தமிழ், வங்காளம், தெலுங்கு முதலிய மொழிகளிலும் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைப் பெயர்ப்பிக்கும் திட்டம் ஒன்றை அது மேற்கொண்டது. மொழிபெயர்ப்பாளர் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். அவர்க்கென 2009இல் ஒரு கருவியும் வெளியிடப்பட்டது. 2010 ஆடி மாதத்தில் அந்நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி எல்லா மொழிகளிலுமாகப் பெயர்க்கப்பட்ட சொற்கள் 1 கோடியே 60 இலட்சம்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பெருங்கொடையாகவே தோன்றும். சிறிய மொழிக்குப் பெரிய நிறுவனம் கட்டுரைகளை அள்ளித் தருகிறது; வாங்கிக்கொள்ளுவதன்றி வேறென்ன செய்வது என்று கேட்டவரும் உளர். ஆயின் வந்த கட்டுரைகளைப் படித்தவர்க்கு நெஞ்சு பதைத்தது. எப்பொருளைப் பற்றி எழுதுவது என்பதை நிறுவனமே தீர்மானித்தது. மக்கள் இணையத்தில் எதனை மிகுதியும் தேடினர் என்னும் கணக்கே அதற்கு அளவுகோலாயிற்று. அதனால் மேலைநாட்டு நடிகரும் பாடகரும் வரிசையாகத் தமிழில் வந்து இறங்கினர். நடையோ சொல்லுந்தரத்ததன்று. செயப்பாட்டுவினை நம் மொழியில் உண்டு. ஆனால் அஃது எப்போதாவது வந்துபோகும் விருந்தினர் போன்றது. இக்கட்டுரைகளில் அது குடும்பத்தோடு குடியேறிவிட்டது. ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டின்மேல் தமிழ்ச் சொற்களைப் போர்த்தியது போன்ற வாக்கியங்கள். எங்கும் செல்லாத சிவப்பு இணைப்புகள். தமிழ்ச் சூழலிற் பொருளற்ற வார்ப்புருக்கள். இவற்றினும் பெருங்குறை ஒன்று உண்டு. பிழையைச் சுட்டி உரையாடற் பக்கத்தில் எழுதினால் மறுமொழி வாராது. எழுதியவர் கூலி பெற்றுக்கொண்டு அடுத்த கட்டுரைக்குச் சென்றுவிட்டார். தாம் எழுதுமிடத்தில் ஒரு சமுதாயம் குடியிருக்கிறது என்பதே அவர்க்குச் சொல்லப்படவில்லை போலும்.

தமிழ் விக்கிப்பீடியர் என்ன செய்தனர்? அவர்களுக்கு ஒரு பொதுமன்று உண்டு. அதன் பெயர் 'ஆலமரத்தடி'. பெயரிட்டவர் வாழ்க. எவரும் வந்து அமரலாம், எவரும் பேசலாம், பேசிய ஒவ்வொரு சொல்லும் நாளும் பெயரும் இட்டு நிலைத்து நிற்கும். அவ்வாலமரத்தடியிலே இக்குறைகளை வெளிப்படையாக எடுத்துரைத்தனர். உள்ள கட்டுரைகளைச் செப்பம் செய்யாமற் புதியன இடவேண்டாம் என்று நிறுவனத்தைக் கேட்டனர். நிறுவனம் நிறுத்தியது, உரையாடலுக்கும் வந்தது. 2010 ஆடியிற் போலந்து நாட்டின் கிடான்ஸ்க் நகரில் உலக விக்கிப்பீடியர் மாநாடு கூடியபோது அ. இரவிசங்கர் இத்திட்டத்தைப் பற்றிய ஆய்வுரை ஒன்றை முன்வைத்தார். தன்னார்வமும் இயல்பான வளர்ச்சியும் சமுதாயமும் இன்றிக் கட்டுரைகளை மட்டும் குவிப்பதால் வரும் கேடு இன்னதென உலகோர் அறிந்தனர். வங்காளத்தாரோ அக்கட்டுரைகளை ஏற்கவே மறுத்தனர்.

இங்கே ஒரு செய்தியை வாசகர் கருத்திற் கொள்ள வேண்டும். அதே 2010ஆம் ஆண்டு மாசி மாதத்திற்றான் விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளைக்குக் கூகுள் நிறுவனம் 20 இலட்சம் டொலர் நன்கொடை அளித்தது. கொடுத்ததிலும் தவறில்லை, வாங்கியதிலும் தவறில்லை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் முடிச்சுப்போடவும் நான் முயலவில்லை. ஆயினும் அவ்வேளையிலே தமிழ்த் தொண்டர் சிலர் தனிக் கடிதம் ஒன்றில் தம் குறையை எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருந்தால் அஃது என்னவாகியிருக்கும்? கடிதத்தைப் பெற்றவர் நல்லவராகவே இருக்கலாம். பெருங்கொடையாளரைப் பற்றிய சிறு முறைப்பாடு ஒன்று மேசையில் வந்து விழும்போது, நல்லவர் கையும் அதனைச் சற்று ஒதுக்கி வைக்கவே நீளும். ஆலமரத்தடியிற் பேசிய பேச்சை எந்த மேசை இழுப்பறையிலும் பூட்டி வைத்தல் இயலாது.

வெளிப்படையாகப் பேசினாற் கொடையாளர் கோபித்துக்கொண்டு போய்விடுவர் என்னும் அச்சமும் அந்நிகழ்ச்சியிலே பொய்த்தது. 2018இல் அதே நிறுவனம் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களோடு மீண்டும் கைகோத்தது. இம்முறை கூலிக்கு ஆள் அமர்த்தவில்லை. 'வேங்கைத் திட்டம்' என்னும் பெயரிலே கட்டுரைப் போட்டி நடந்தது. நிறுவனம் மடிக்கணினி முதலியன கொடுத்து உதவியது, எழுதியவர் தொண்டர்களே. 2014 முதல், கூலி பெற்று எழுதுவோர் அதனை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்று விக்கிப்பீடியாவின் பயன்பாட்டு விதிகளே கூறுகின்றன. மொழிபெயர்ப்பாளர்க்கெனக் கூகுள் வெளியிட்ட கருவியோ 2019 இறுதியில் மூடப்பட்டது. நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு நகர்ந்தது. கட்டுரைகள் நகரவில்லை. அவற்றைச் செப்பனிடும் சுமை பல்லாண்டு தொண்டர் தோளிலே கிடந்தது. வந்தவர் போகலாம், இருப்பவரே கூட்டிப் பெருக்க வேண்டும் என்னும்போது, எதனை உள்ளே விடுவது என்று கேட்கும் உரிமையும் இருப்பவர்க்கே உரியதன்றோ?

இனி மலையகத்தான் ஒருவனுக்கு இவ்வழக்கிலே ஏன் இத்துணை அக்கறை என்று கேட்கலாம். அறையிற் பேசி முடித்த காரியங்களின் பயனை எங்கள் மக்களைப் போல அனுபவித்தவர் சிலரே. பழைய நாளிற் றோட்டத்திலே ஒரு குறை உண்டாயின் தொழிலாளி நேரே துரையிடம் சென்று பேசல் இயலாது. கங்காணியிடம் சொல்லவேண்டும், கங்காணி பெரிய கங்காணியிடம், அவர் ஒரு நல்ல வேளை பார்த்துப் பங்களா விறாந்தையில் நின்று துரையிடம் சொல்லுவார். அங்கே என்ன சொன்னார், எதனை விட்டார், எதற்கு ஈடாக எதனை ஒப்புக்கொண்டார் என்பது லயத்துக்கு வந்து சேராது. 1921இல் ஒழிக்கப்படும் வரையிலும் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதும் சீட்டு அது. அச்சீட்டைக் கொண்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறினர். தங்கள் தலையில் எவ்வளவு கடன் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைத் தொழிலாளர் பலர் அறியார். துரைக்கும் கங்காணிக்கும் இடையே எல்லாம் மிகப் பண்பாகவே நடந்தன. குரலுயர்த்திப் பேசியவர் எவருமிலர்.

கோ. நடேசய்யர் இம்முறையை உடைத்தார். அவர் துரைமாரிடம் தனித்துத் தூது சென்றவரல்லர். பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், 1931இல் அட்டனிலே தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாட்டுப் பாடியே செய்தியைச் சொன்னார். படிப்பறியாத மக்களும் தங்கள் வழக்குத் தங்கள் முன்னிலையிலே பேசப்படுவதைக் கேட்டனர். இக்காலத்திலும் சம்பளக் கூட்டொப்பந்தங்கள் கையொப்பமான பின்னரே அவற்றின் வாசகம் மலைக்கு ஏறி வந்தது என்னும் முறைப்பாட்டை நான் பல ஆண்டு கேட்டிருக்கிறேன். 2021இற் சம்பளச் சபை 1,000 ரூபாவை நிர்ணயித்ததும் தோட்டக் கம்பனிகள் அவ்வொப்பந்த முறையிலிருந்து விலகின. அவ்வொப்பந்தங்களின் நன்மை தீமை வேறு கதை, இங்கு வேண்டாம்.

பண்டிதர் உலகுக்கும் இது புதிதன்று. ஒரு நூலை ஆக்கியவர் அதனை அவையிலே அரங்கேற்ற வேண்டும். கேட்போர் தடை எழுப்புவர். ஆக்கியோன் விடை கூறுவான். நூலாசிரியனின் வீட்டுத் திண்ணையில், அவனுக்குச் சோறிட்ட வள்ளலின் முன்னிலையில், மெல்லக் காதிற் சொல்லுவது தடையாகாது. தருமிக்குப் பொற்கிழி கொடுக்கவிருந்த பாண்டியன் கதை யாவரும் அறிந்ததே. அக்கிழி தொங்கியது மண்டபத்தில். நக்கீரர் குற்றம் சொன்னதும் மண்டபத்திலேயே. கொடை வெளிப்படையாக இருந்தமையாற் குற்றமும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. இரண்டையும் பிரித்து ஒன்றை வெளியிலும் ஒன்றை உள்ளேயும் வைப்பதே இக்காலத்துப் புதுமை.

அவையிற் சொல்லுதல் வேறு, அவையில் ஏசுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமற் பண்டிதர் சிலர் சென்ற நூற்றாண்டுகளில் எழுதிய கண்டனப் பிரசுரங்களைப் படித்தவர்க்கு நான் சொல்வது விளங்கும். சொற்புணர்ச்சி ஒன்றைப் பற்றித் தொடங்கிய வாதம் எதிரியின் பாட்டனார் வரையிற் சென்று முடியும். ஆதலால் தனிமையிற் சொல்ல வேண்டியன சில உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த மொழிபெயர்ப்புத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சொல்லுக்கு இத்தனை காசு என்று உழைத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்த பிழையை, அவர் பெயரைச் சொல்லி மன்றிலே நகையாடுவது அறமன்று. அவரும் அரைப்பேருக்கு அஞ்சி அரக்கப்பரக்கக் கொழுந்து கொய்யும் தொழிலாளியைப் போன்றவரே. அவர்க்குத் தனியே எழுதலாம், எழுதவேண்டும். அவரை அமர்த்திய நிறுவனம் எப்பொருளில் எழுதுவது என்று முடிவு செய்யும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது என்பதோ எல்லார் செய்தி. அதனைத் தனியே பேசி ஒரு சலுகை பெற்றால், பெற்றவர்க்கு அது சலுகை; மற்றவர்க்கு ஒன்றுமில்லை. நாளை வேறு நிறுவனம் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நிறுவனத்திலே சம்பளம் பெறுபவரே சமுதாயத்திலும் உறுப்பினராயிருக்கும்போது சங்கடம் பெரிது. வெளிப்படையாகப் பேசினாற் பிழைப்பு, பேசாவிடின் மனச்சான்று. அப்படிப்பட்டவர்க்காக மற்றவர் பேசுதல் வேண்டும் என்பதன்றி வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. 'ஓப்பன் ஆபிஸ்' என்னும் எழுத்து மென்பொருளின் கதையில் இதற்கு ஒரு சான்று உண்டு. அதனை வளர்த்த சன் நிறுவனத்தை 2010 தையில் ஒரக்கிள் நிறுவனம் வாங்கியது. மென்பொருளின் எதிர்காலம் பற்றி ஐயங்கொண்ட தொண்டர்கள் அவ்வாண்டு புரட்டாதியிற் றனி அறக்கட்டளை ஒன்றை வெளிப்படையாக நிறுவி, 'லிப்ரே ஆபிஸ்' என்னும் புதுப்பெயரோடு பணியைத் தொடர்ந்தனர். உடனே ஒரக்கிள் தரப்பினர், அறக்கட்டளையிற் சேர்ந்தோர் பழைய ஆலோசனைக் குழுவிலிருந்து விலகவேண்டும் என்றனர். அடுத்த ஆண்டே ஒரக்கிள் அம்மென்பொருளை வேறோர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவியது. தொண்டர் தொடங்கியது இன்றும் வாழ்கிறது, தமிழிலும் இயங்குகிறது. கட்டற்ற உரிமத்தின் பெரும்பயன் இதுவே: பேச்சுப் பலிக்காவிடின் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். தோட்டத்திலிருந்து வெளியேற எங்கள் முன்னோர்க்கு அந்த உரிமை இருக்கவில்லை.

இவ்வளவும் எழுதத் தூண்டிய செய்தி ஒன்று எங்கள் பகுதியிலே இப்போது நடக்கிறது. எங்களூரில் வாசகர் வட்டம் ஒன்று உண்டு. அதன் இளைஞர் நான்கைந்து பேர் தோட்டத்துச் சொற்களைத் திரட்டி வருகின்றனர். பெரட்டு, கவ்வாத்து, கைக்காசு, அரைப்பேர் என்பன போன்ற சொற்களைப் பேரகராதிகளிற் றேடினால், அவை இல்லாதிருக்கும். இருந்தாலும் எங்கள் பொருளில் இராது. காமன் கூத்தாடுவோரின் வழக்குச் சொற்களை முதியவர் வாய்க்கேட்டு எழுதியிருக்கின்றனர். எவரும் எடுத்தாளும் உரிமத்தோடு இணையத்தில் இடுவதே தொடக்கத்திற் செய்த தீர்மானம். அண்மையிற் கணினி நிறுவனம் ஒன்று உதவ முன்வந்தது. ஒலிப்பதிவுச் செலவும் அச்சுச் செலவும் தருவதாகச் சொல்லிற்று. நல்லதுதான். பின்னர் வந்த கடிதத்தில் இரண்டு விருப்பங்கள் இருந்தன: முதல் ஓராண்டு இச்சொற்கள் தங்கள் செயலியில் மட்டுமே இருக்கவேண்டும், மக்கள் மனத்தைப் புண்படுத்தக்கூடிய சொற்களை நீக்கிவிட வேண்டும். பட்டியலைப் பார்த்தேன். துரைமாரும் கங்காணிமாரும் எங்கள் பாட்டன் பாட்டிமாரை விளித்த சொற்களே அவற்றிற் பெரும்பாலன. அவை புண்படுத்தும் என்பது மெய். புண்பட்டவரின் பேரப்பிள்ளைகளே அவற்றைத் தேடித் திரட்டியவர் என்பதும் மெய்.

அக்கடிதம் வட்டத்துக்கு வரவில்லை. இருவர்க்கு மட்டும் வந்தது. அவருள் ஒருவர் என் பழைய மாணவர். "சேர், இதைச் சபையில் வைத்தால் அவர்கள் விலகிவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் கொழும்புக்குப் போய்த் தன்மையாகப் பேசிப் பார்க்கிறோம்" என்றார். அவர் எண்ணத்திற் கள்ளமில்லை. பேச்சிலே வல்லவர், போனால் ஓராண்டை ஆறு மாதமாகக் குறைத்துக்கொண்டும் வருவார். ஆனால் அச்சொற்களைச் சொல்லித் தந்த கிழவி ஒருத்தி கொட்டகலைப் பக்கத்து லயத்திலே இருக்கிறாள். எந்தச் சொல் போகலாம், எது இருக்கலாம் என்று கொழும்பிலே பேரம் பேச அவள் எவர்க்கும் அதிகாரம் கொடுத்தாளில்லை.

ஆதலாற் கடிதத்தை அடுத்த கூட்டத்தில் முழுவதும் வாசிப்பது என்று முடிவாயிற்று. நிறுவனத்தின் சார்பிற் கடிதம் எழுதிய பெண்மணியையும் அழைத்திருக்கிறோம்; வருவதாகச் சொல்லியிருக்கிறார். மரியாதையோடு வரவேற்போம், தேநீரும் உண்டு. சொல்லித் தந்த முதியவர்களை அழைத்துவர வாகனம் ஒன்று வேண்டும். அதற்கான செலவை வட்டத்து உறுப்பினரிடமே திரட்டிக்கொண்டிருக்கிறோம்.